முகக்கவசம் யாருக்காக?

எமது கல்லூரித் தமிழ் மன்றத்தில் அண்மையில் ஒரு விவாத அரங்கு நடைபெற்றது. "பெருந்தொற்றுக் காலத்தில் பொதுமக்கள் முகக்கவசம் அணிதல் வேண்டும்" என்பது விவாதப் பொருள். உயர்தர வகுப்பு மாணவர்கள் இரு பக்கமும் நின்று சொற்போர் புரிந்தனர். நடுவராக அமரும் பொறுப்பு நமக்கு வாய்த்தது.

ஆதரித்துப் பேசியோர் வருமுன் காப்பதே அறிவுடைமை என்ற அளவில் நின்றனர். எதிர்த்துப் பேசியோர் நன்கு ஆயத்தஞ் செய்து வந்திருந்தனர். "உலக சுகாதார நிறுவனமே முதலில் வேண்டாம் என்றதே, டென்மார்க்கு நாட்டில் ஆராய்ந்தபோது பெரும்பயன் காணவில்லையே, மூக்குக்குக் கீழே தொங்கிய துணியாலும் நாடியிலே கிடந்த துணியாலும் யாருக்கு என்ன நன்மை விளைந்தது?" என்று அடுக்கினர். சபை கைகொட்டி ஆரவாரித்தது. விதிப்படி புள்ளிகளைக் கூட்டினோம். எதிர்த்தவர்களே வென்றனர்.

மண்டபத்தை விட்டு வெளியேறும்போது ஒன்பதாந் தர மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி நம்மருகே வந்தான். "ஐயா, எதிர்த்துப் பேசின அண்ணாமார்தானே வென்றவை. அப்ப இனி ஒரு வருத்தம் வந்தால் முகக்கவசம் தேவையில்லையோ?" என்று கேட்டான். விவாதத்திலே வெல்லுதல் வேறு, உண்மையைக் காணுதல் வேறு என்று விடை பகர்ந்தோம். "அப்ப உண்மை என்ன ஐயா?" என்றான். அதற்குள் அவன் ஏறவேண்டிய பஸ் வண்டி வந்துவிட்டது.

அவன் தொய்வு நோயுள்ள தன் அம்மம்மாவோடு வசிப்பவன் என்பதை நாம் அறிவோம். வெறும் பொழுதுபோக்குக்காக அவன் அதனைக் கேட்கவில்லை. ஆகவே அன்று அவனுக்குக் கூற முடியாமற்போன விடையை இங்கே விரித்துக் கூற விழைகின்றோம். நமது வாசகர்களின் இல்லங்களிலும் இவ்வினா எழுந்திருக்கும். கொவிட் நோய்க்கான உலகளாவிய அவசரநிலை 2023 மே 5ஆந் திகதி முடிவுற்றதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. எனினும் பெருந்தொற்றுக்கள் உலகத்தை விட்டு நீங்கிவிட்டன என்று அதற்குப் பொருளில்லை. அமைதியான காலத்திலே ஆராய்ந்து தெளிதல், அச்சம் சூழ்ந்த காலத்திலே பதறுவதிலும் நன்று.

ஒரு வினாவுக்குள் இரண்டு வினாக்கள்

விவாத அரங்கிலே இரு பக்கத்தாரும் ஒரு தவறு செய்தனர். இரண்டு வினாக்களை ஒன்றாகக் குழைத்துவிட்டனர். ஒழுங்காக அணிந்த முகக்கவசம் நோய்க்கிருமியைத் தடுக்குமா என்பது முதலாவது வினா. இது பெளதிகத்தைச் சார்ந்தது. மக்கள் எல்லாரையும் முகக்கவசம் அணியுமாறு சொன்னால் ஊரிலே நோய் குறையுமா என்பது இரண்டாவது. இது மனித இயல்பைச் சார்ந்தது. குடை மழையைத் தடுக்கும் என்பது உண்மை. குடை கொண்டுபோகும்படி அறிவித்தால் ஊரார் நனையாதிருப்பர் என்பது அதிலிருந்து பெறப்படுவதன்று. குடையை மறந்தவரும், விரிக்காதவரும், ஓட்டைக் குடை பிடித்தவரும் நனைவர். அதனைக் கண்டு, குடையாற் பயனில்லை என்று கூறுதல் அறிவுடைமையாகாது.

இவ்விரு வினாக்களையும் நூறாண்டுகளுக்கு முந்திய இரண்டு நிகழ்ச்சிகள் நமக்கு நன்கு விளக்குகின்றன.

பினாங்கிலே பிறந்த வைத்தியர்

நம் முன்னோர் பலர் உத்தியோகம் நாடிக் கப்பலேறிய மலாயாவிலே, பினாங்கு நகரில், 1879ஆம் ஆண்டு சீனக் குடும்பம் ஒன்றில் ஊ லியன் தே என்பவர் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே மருத்துவங் கற்றுச் சீன அரசின் சேவையிற் சேர்ந்தார். 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவிலுள்ள ஹார்பின் நகரத்தில் இனந்தெரியாத ஒரு நோய் பரவிற்று. நோய் கண்டவர்கள் இரத்தம் கலந்த சளியைத் துப்பிச் சில நாள்களுள் மாண்டனர். பிழைத்தவர் எவருமிலர் என்னும்படி இருந்தது. கடுங்குளிரில் நிலம் உறைந்துவிட்டமையாற் குழி தோண்டவும் இயலாமற் சவப்பெட்டிகள் வெளியிலே குவிந்து கிடந்தன.

அங்கே சென்ற இளம் வைத்தியர் இறந்த பெண்ணொருத்தியின் உடலைச் சோதித்து, இது பிளேக் என்னும் கொள்ளைநோயே எனக் கண்டார். அக்காலத்தில் பிளேக் என்றால் எலியும் அதன் மேலுள்ள தெள்ளுமே காரணம் என்பது எல்லாரும் அறிந்த பாடம். ஹார்பினிலே பிடித்துச் சோதித்த எலிகளிலோ நோயில்லை. நுரையீரலைப் பற்றிய பிளேக் இது, ஒருவர் மூச்சிலிருந்து மற்றவர் மூச்சுக்கு நேரே தாவுகிறது என்று அவர் துணிந்தார். பஞ்சுப் பட்டையை மெல்லிய வலைத்துணியாற் சுற்றித் தலைக்குப் பின்னே முடிந்து கட்டத்தக்க எளிய முகக்கவசம் ஒன்றைச் செய்வித்தார். வைத்தியர்க்கும் ஊழியர்க்கும் மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் அதனை விதித்தார்.

அனுபவத்திலே தம்மின் மூத்த மெஸ்னி என்னும் பிரெஞ்சு வைத்தியர் அக்கருத்தை ஏற்றாரிலர். முகக்கவசமின்றியே நோயாளரைப் பார்வையிட்டார். சில நாள்களுள் நோய் அவரையும் பற்றிற்று. 1911 சனவரியில் அவர் இறந்தார். அதன்பின்பு ஹார்பின் மாந்தர்க்கு எவரும் உபதேசஞ் செய்யவேண்டியிருக்கவில்லை. தெருவிலே காணப்பட்ட முகங்களெல்லாம் வெண்துணியால் மறைந்தன.

நோய்ப் பகுதியைக் காவலிட்டுப் பிரித்தல், புகையிரதப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துதல், குவிந்து கிடந்த 2,000க்கும் மேற்பட்ட உடல்களை அரச அனுமதி பெற்றுத் தகனஞ் செய்தல் ஆகியவற்றையும் ஊ லியன் தே ஒருங்கே செய்தார். மஞ்சூரியா முழுவதிலும் சுமார் 60,000 உயிர்களைக் குடித்த நோய் 1911ஆம் ஆண்டின் இளவேனிற் பருவத்துள் ஓய்ந்தது. எல்லாம் ஒருங்கு நிகழ்ந்தமையால் இதில் முகக்கவசத்தின் பங்கு இவ்வளவு எனப் பிரித்துக் காட்டுதல் அரிது. ஆயினும் அணிந்தவர் எதற்காக அணிந்தனர் என்பது தெளிவு. காரணத்தைக் கண்முன்னே கண்டனர், ஆகவே அணிந்தனர்.

சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்தது

எட்டாண்டுகளின் பின் காட்சி மாறுகின்றது. 1918ஆம் ஆண்டு உலகையே சூறையாடிய இன்புளுவென்சாக் காய்ச்சல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரையும் தாக்கிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில், வெளியிலே செல்வோர் யாவரும் முகக்கவசம் அணிதல் வேண்டும் என நகரசபை சட்டமியற்றிற்று. மீறியோர்க்கு அபராதமும் சிறையும் கிடைத்தன. நோய் தணிந்தது போலத் தோன்றவே, நவம்பர் 21ஆந் திகதி நண்பகலில் ஊதுகுழல்கள் ஒலிக்க, மக்கள் முகக்கவசங்களைக் கழற்றித் தெருவிலே வீசி மகிழ்ந்தனர். சில வாரங்களுள் நோய் மீண்டும் தலையெடுத்தது. 1919 சனவரியிற் சட்டம் மீண்டும் வந்தது. இம்முறை மக்கள் பணியவில்லை. முகக்கவச எதிர்ப்புச் சங்கம் என்றே ஒரு சங்கம் தோன்றிக் கூட்டம் கூடிற்று. பெப்ரவரி முதலாந் திகதி சட்டம் நீங்கிற்று.

பின்பு கலிபோர்னியாவின் சுகாதார அதிகாரி கெலொக் என்பவர் அம்முகக்கவசங்களைப் பரிசோதித்தார். அவை ஐதான வலைத்துணியால் ஆனவை. கிருமியைத் தடுக்குமளவுக்குப் பல மடிப்புகள் வைத்தால் மூச்சுவிடுதல் கடினமாகி, காற்று துணியை ஊடுருவாது ஓரங்களின் வழியே நுழைந்தது. மூச்சுவிட இலகுவாயின் துணி பயன்படவில்லை. கட்டாயச் சட்டத்தாற் கருதிய பயன் விளையவில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

ஹார்பினும் சான் பிரான்சிஸ்கோவும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. நல்ல துணியா, முகத்தோடு பொருந்துகிறதா, அணிபவர் மனம் இசைந்து அணிகின்றாரா என்னும் மூன்றையும் பொறுத்தே பயன் அமையும் என்பதை இரண்டும் சேர்ந்து கற்பிக்கின்றன.

2020இல் விளைந்த குழப்பம்

மாணவர்கள் சுட்டிக்காட்டிய முரண்பாட்டுக்கு இனி வருவோம். 2020 பெப்ரவரி இறுதியில், முகக்கவசம் வாங்குவதை நிறுத்துங்கள், அது பொதுமக்களுக்குப் பயன்தராது என்று அமெரிக்காவின் தலைமைச் சுகாதார வைத்தியர் மக்களை வேண்டினார். அதே அறிவிப்பில், வைத்தியர்க்கும் தாதியர்க்கும் அவை கிடைக்காமற்போனால் எல்லாருக்கும் ஆபத்து என்றும் கூறினார். பயனற்ற பொருளொன்று வைத்தியர்க்கு மட்டும் எவ்வாறு இன்றியமையாததாகும் என்று மக்கள் திகைத்தனர். ஏப்ரல் 3ஆந் திகதி அந்நாட்டின் நோய்த் தடுப்பு நிலையம், எல்லாரும் துணி முகக்கவசம் அணிக என்றது. உலக சுகாதார நிறுவனமும் நோய் பரவும் இடங்களிலே பொதுமக்கள் அணியலாம் என யூன் 5ஆந் திகதி தன் ஆலோசனையை மாற்றிற்று.

மாற்றத்துக்குக் காரணங்கள் இருந்தன. இருமலோ காய்ச்சலோ தோன்றுமுன்பே ஒருவர் பிறருக்கு நோயைக் கொடுத்தல் கூடும் என்பது அந்த மாதங்களிலேதான் தெளிவாயிற்று. யார் நோயாளி என்பதை நோயாளியே அறியாதபோது, நோயாளர் மட்டும் அணிக என்னும் விதி நிலைகொள்ளாது. அறிவு வளர ஆலோசனை மாறுதல் இயல்பே. ஆயின், கையிருப்புப் போதாது என்னும் உண்மையைப் பயனில்லை என்னும் சொல்லுக்குள் மறைத்தது பெரும் பிழை.

தாய்வானிலோ 2020 பெப்ரவரி 6ஆந் திகதி தொடங்கி, சுகாதாரக் காப்புறுதி அட்டையைக் காட்டுவோர்க்கு வாரத்துக்கு இரண்டு முகக்கவசம் எனப் பங்கிட்டனர். கூப்பன் அரிசியை அறிந்த நம் மூத்தோர்க்கு இம்முறை புதிதன்று. பொருள் குறைவு, ஆகவே பங்கிடுகிறோம் என்று சொன்னால் மக்கள் பொறுத்துக்கொள்வர். இல்லாத நியாயத்தைச் சொன்னால், பின்னர் உண்மையைச் சொல்லும்போதும் நம்பார்.

துணி எவ்வாறு தடுக்கின்றது?

வைரசு மிக நுண்ணியது. முகக்கவசத்தின் துளைகளோ பெரியவை. கொசுவைத் தடுக்க முள்வேலி கட்டுவது போன்றதே இது என்று ஒரு மாணவன் பேசி நகைப்பை விளைத்தான். நகைப்பு நன்றே; நியாயம் பிழையானது.

கொவிட் வைரசின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் பதினாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அது தனியே பறந்து திரிவதில்லை. நாம் பேசும்போதும் பாடும்போதும் இருமும்போதும் வெளிவரும் ஈரத் துளிகளிலே ஏறிக்கொண்டு வருகின்றது. பேச்சினால் மட்டுமே இத்தகைய துளிகள் தெறிக்கின்றன என்பதை யேர்மனிய அறிஞர் புளுக்கே 1890களின் இறுதியிலே காட்டினார். அதன் பயனாக 1897ஆம் ஆண்டு மிக்குலிச் என்னும் சத்திர வைத்தியர் வாயை வலைத்துணியால் மூடிக்கொண்டு அறுவைச் சிகிச்சை செய்யலானார். நமது நாட்டின் தொற்றுநோய்த் தடைக்காப்புக் கட்டளைச் சட்டமும் அதே 1897ஆம் ஆண்டிலேதான் பிறந்தது. 2020இல் முகக்கவசம் பற்றிய பிரமாணங்களை அரசு ஆக்கியதும் அச்சட்டத்தின் கீழேயே.

துளிகளிற் பெரியவை சிறிது தூரத்திலே நிலத்தில் விழும். நுண்ணியவையோ சாம்பிராணிப் புகைபோல அறையெங்கும் மிதக்கும். நுண்துளிகளின் பங்கை ஆரம்பத்திலே குறைத்து மதிப்பிட்டமையாலேயே கைகழுவுதலுக்கு அளித்த முதன்மையை யன்னலைத் திறத்தலுக்கு அளியாது விட்டனர்.

முகக்கவசம் அரிசி அரிக்கும் சல்லடை போன்றதன்று. சல்லடையில் துளையினும் சிறியது எதுவும் தப்பிவிடும். முகக்கவசத்திலோ நூலிழைகள் பல அடுக்குகளாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. பெருந்துளிகள் வளைந்து செல்லமாட்டாமல் இழைகளிலே மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிக நுண்ணியவை காற்றணுக்களால் அலைக்கழிக்கப்பட்டுத் தள்ளாடி இழையிலே படிகின்றன. நடுத்தரமானவையே பிடிபடுதற்கு அரியவை. ஆகையால், மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கில் பத்தில் மூன்று என்னும் அந்தக் கடினமான அளவை வைத்தே என்-95 என்னும் முகக்கவசத்தைச் சோதிக்கின்றனர். அவற்றுள் நூற்றுக்கு 95 வீதத்தையாவது அது தடுத்தல் வேண்டும். இழைகளிலே ஏற்றப்பட்டுள்ள நிலைமின்னேற்றமும் துகள்களை ஈர்க்கின்றது. கடையிற் கிடைக்கும் சத்திரசிகிச்சை முகக்கவசத்தின் நடு அடுக்கும் இத்தகையதே. ஒரு முறைக்குரிய முகக்கவசத்தைச் சவர்க்காரமிட்டுத் துவைத்துக் கொடியிலே காயவிட்டோர் நம்மவருட் பலர். அவர்கள் அந்த மின்னேற்றத்தையும் சேர்த்தே துவைத்துவிட்டனர்.

இன்னொன்றும் உண்டு. வாயிலிருந்து புறப்படும்போது துளி பெரியதாகவும் ஈரமாகவும் இருக்கின்றது. காற்றிலே சென்றதும் நீர் ஆவியாகிச் சுருங்கிவிடுகின்றது. ஆகையால் புறப்படும் இடத்திலே பிடிப்பது எளிது. சேரும் இடத்திலே பிடிப்பது அரிது. சாதாரண முகக்கவசம் அணிந்தவரைக் காப்பதினும் அவருக்கு எதிரே நிற்பவரைக் காத்தற்கே மிகுதியும் ஏற்றது. நமது வாதத்தின் அச்சாணி இதுவே.

இரண்டு ஆராய்ச்சிகள்

டென்மார்க்கில் 2020 ஏப்ரல், மே மாதங்களில் ஏறக்குறைய 6,000 பேரை இரு பகுதியாகப் பிரித்தனர். ஒரு பகுதியார்க்கு முகக்கவசம் அளித்து, வெளியிலே செல்லும்போது அணியுமாறு அறிவுறுத்தினர். முடிவில் அவர்களுள் 1.8 வீதத்தினர்க்கும் மற்றைப் பகுதியாருள் 2.1 வீதத்தினர்க்கும் தொற்று ஏற்பட்டது. தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய சிறிய வேறுபாடே இது. ஆயின் அறிவுறுத்தியவாறு முற்றாக அணிந்தோர் பாதிக்கும் குறைவு. எதிரே நின்ற ஊராரும் அக்காலத்தில் முகக்கவசம் அணிந்தவரல்லர். அணிந்தவர் தம்மைக் காத்துக்கொண்டனரா என்பதையே அவ்வாராய்ச்சி கேட்டது. பிறரைக் காத்தனரா என்பதை அது கேட்கவேயில்லை.

இவ்வினாவை நமது அயலிலுள்ள பங்களாதேசத்திலே கேட்டனர். 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை 600 கிராமங்களில் மூன்று இலட்சத்து நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட வயதுவந்தோர் அந்த ஆய்வில் அடங்கினர். பாதிக் கிராமங்களில் முகக்கவசங்களை இலவசமாக வழங்கினர், காரணத்தை விளக்கினர், பள்ளிவாசல் இமாம்களும் ஊர்ப் பெரியோரும் தாமே அணிந்து காட்டினர், சந்தையிலே அணியாது வந்தோர்க்கு முகமலர்ச்சியோடு நினைவூட்டினர். சரிவர அணிவோர் தொகை நூற்றுக்கு 13இலிருந்து 42 ஆக உயர்ந்தது.

விளைவு யாது? நோய்க்குறிகள் தோன்றி, இரத்தப் பரிசோதனையாலும் தொற்று உறுதியானோர் தொகை அக்கிராமங்களில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு குறைந்தது. சத்திரசிகிச்சை முகக்கவசம் வழங்கிய கிராமங்களிலே பயன் தெளிவாகத் தோன்றிற்று. அங்கே அறுபது வயதைக் கடந்தோரிடையே குறைவு மூன்றிலொரு பங்கையும் தாண்டிற்று. துணி முகக்கவசத்தின் பயன் அத்துணைத் தெளிவாகவில்லை. இந்த ஆய்வின் கணக்கைப் பற்றியும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் பாதிப்பேர் கூட அணியாதபோதே இவ்வளவு பயன் தோன்றிற்று என்பதைக் கருதுதல் வேண்டும்.

2023ஆம் ஆண்டில் கொக்ரேன் என்னும் ஆய்வுத் தொகுப்பு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையைக் காட்டி, முகக்கவசம் பயனற்றது என்று நிரூபணமாகிவிட்டது எனச் சிலர் முழங்கினர். அணியுமாறு தூண்டும் முயற்சிகளையே தாம் ஆராய்ந்ததாகவும், அவ்வாறு பொருள்கொள்ளுதல் தவறு எனவும் அந்நிறுவனத்தின் தலைமை ஆசிரியரே பின்னர் விளக்கினார். நாம் முதலிற் பிரித்துக் காட்டிய இரண்டு வினாக்களின் குழப்பமே அங்கும் நிகழ்ந்தது.

ஒரு மரண வீட்டிலே

நூலறிவு இவ்வளவில் நிற்க. நமது வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறாதொழிந்தால் இக்கட்டுரை நேர்மையாகாது.

2022 பெப்ரவரியில் அயற்கிராமத்தில் ஒரு மரண வீட்டுக்குச் சென்றிருந்தோம். இரு நாள்களாகத் தொண்டை சற்றுக் கரகரத்தது. வகுப்பறைச் சுண்ணக்கட்டித் தூசு என்று எண்ணிக்கொண்டோம். முகக்கவசம் அணிந்தே சென்றோம். இறந்தவரின் தமையனார், எண்பதை அணுகியவர், காது மந்தமானவர். அருகிருந்து துக்கம் விசாரித்தோம். அவருக்குக் கேட்கவில்லை. நம் வாயசைவைக் காணாமல் அவர் தடுமாறினார். துக்க வீட்டில் முகத்தை மறைத்துக்கொண்டு பேசுவது மரியாதையன்று என்ற கூச்சமும் நமக்கிருந்தது. முகக்கவசத்தை நாடிக்குக் கீழே இறக்கிவிட்டு அரைமணி நேரம் அவரோடு கதைத்தோம்.

மறுநாள் நமக்குக் காய்ச்சல் கண்டது. பரிசோதனையிலே தொற்று என்றனர். ஐந்தாம் நாள் அந்தப் பெரியவரை வைத்தியசாலையில் அனுமதித்திருப்பதாகச் செய்தி வந்தது. ஒன்பது நாள்கள் அவர் ஒட்சிசன் துணையோடு கிடந்தார். தெய்வாதீனமாக வீடு திரும்பினார். அந்த வீட்டுக்கு வந்துபோனோர் பலர். நோய் நம்மாலேயே சென்றது என்று எவராலும் நிறுவ முடியாது. நம்மாலன்று என்று நம்மாலும் கூற முடியாது. அந்த ஒன்பது நாள்களும் நமக்கு உறக்கமில்லை.

முகக்கவசத்தால் வரும் இடர்களை இகழ்ந்து ஒதுக்குவோர்க்கும் இந்நிகழ்ச்சியில் ஒரு பாடம் உண்டு. காது கேளாதார் உதட்டசைவைக் கொண்டே உரையை உணர்கின்றனர். சிறு பிள்ளைகள் ஆசிரியையின் வாயைப் பார்த்தே எழுத்தொலி கற்கின்றனர். நாமே வகுப்பறையில் நாற்பது மூடிய முகங்களுக்குப் பாடஞ் சொன்னபோது, பிள்ளைகள் விளங்கிக்கொண்டனரா திகைத்தனரா என்பதை அறியமாட்டாது இடர்ப்பட்டோம். இவை உண்மையான இழப்புக்கள். ஐந்து வயதுக்கும் அதற்குக் குறைந்தோர்க்கும் முகக்கவசத்தை விதியாக்குதல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியதும் இதனை உணர்ந்தே. ஆயினும், இடர் உண்டு என்பது முகக்கவசத்தைக் கழற்றுதற்கு நியாயமாகாது. தொண்டை கரகரத்த அன்றே நாம் செல்லாது விட்டிருக்கலாம். சென்றபின்னும் அப்பெரியவரை முற்றத்து மாநிழலுக்கு அழைத்து, சற்றே விலகியமர்ந்து, கடதாசியில் எழுதிக் காட்டியிருக்கலாம்.

எங்கே, எப்போது, எவ்வாறு?

ஆகவே நமது முடிவு இது. பெருந்தொற்றுக் காலத்தில் பொதுமக்கள் முகக்கவசம் அணிதல் வேண்டும். எங்கும் எப்போதும் அணிதல் வேண்டும் என்பதில்லை. காற்றோட்டமற்ற இடத்தில், பலர் நெருங்கியிருக்கும் வேளையில் அதன் தேவை பெரிது. கதவடைத்த பஸ் வண்டி, வைத்தியசாலையின் காத்திருப்பு மண்டபம், குளிரூட்டிய கடை, திருமண மண்டபம் என்பன அத்தகையவை. கடற்கரையிலே தனியே உலாவுபவருக்கும் வயலிலே நாற்று நடுபவருக்கும் அது வேண்டப்படுவதன்று. 2020 ஒக்டோபர் முதல் நமது நாட்டிலே அணியாதோர்க்கு அபராதமும் சிறையும் என்றிருந்தன. அக்காலத்திலே பொலிசாரைக் கண்டதும் மூக்குவரை ஏற்றி, அவர்கள் அப்பாற் சென்றதும் நாடிக்கு இறக்கியோரை நாமெல்லாம் கண்டோம். மூச்சடைக்கும் வைத்தியசாலை மண்டபத்திலே கழற்றிவிட்டு, காற்று வீசும் வீதியிலே அணிந்து நடந்தோரையும் கண்டோம். தண்டனைக்கு அஞ்சி அணிவதற்கும் காரணம் அறிந்து அணிவதற்கும் இடையேயுள்ள வேறுபாடு இது.

இயலுமாயின் என்-95 போன்ற நல்ல முகக்கவசத்தை முதியோர்க்கும் நோயாளருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் ஒதுக்குதல் நன்று. மற்றையோர்க்குச் சத்திரசிகிச்சை முகக்கவசம் போதும். மூக்கின் மேலுள்ள கம்பியை அழுத்தி, பக்கங்களில் இடைவெளி இன்றி அணிதல் வேண்டும். நனைந்ததை மாற்றுதல் வேண்டும். யன்னல்களைத் திறந்து வைத்தலும் தடுப்பூசி பெறுதலும் முகக்கவசத்துக்குத் துணைகளாவன. முகக்கவசம் ஒன்றே போதுமென்று சன நெருக்கத்துள் நுழைபவர், மந்திரித்த நூலைக் கட்டிக்கொண்டு காய்ச்சலோடு மழையில் நனைபவரை ஒப்பர்.

பெருந்தொற்று இல்லாத காலத்துக்கும் ஒரு வழக்கத்தை நாம் கைக்கொள்ளலாம். யப்பானிலே தடிமன் பிடித்தவர், தம்மாற் பிறர் வருந்தலாகாது என்று தாமே முகக்கவசம் அணிந்து புகையிரதம் ஏறுவர். 1918ஆம் ஆண்டின் கொடிய காய்ச்சற் காலத்திலே அங்கு பரவத் தொடங்கிய பழக்கம் இன்றும் நிலைத்திருக்கின்றது. இதற்குச் சட்டமில்லை, மரியாதையே உண்டு.

இது பிறநாட்டுப் புதுமை என்று நம்மவர் எண்ணுதல் வேண்டாம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலே பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வதை நாம் கண்டிருக்கின்றோம். கதிர்காமத்திலும் அம்மரபு உண்டு. பெரியோர் முன்னிலையிலே கையால் வாய் பொத்தி நின்று பேசிய வழக்கத்தை நம் பாட்டனார் காலத்தவர் அறிவர். தம் மூச்சும் எச்சிலும் எதிரே இருப்பவர்மீது படலாகாது என்னும் கருத்து அவற்றிலே அமைந்துள்ளது. கிருமி என்பதை அவர்கள் அறிந்திலர். எதிரே இருப்பவர் போற்றத்தக்கவர் என்பதை அறிந்திருந்தனர்.

கொவிட் நோயால் நமது நாட்டிலே 16,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலார் முதியோர். பாட்டன்மாரும் பேர்த்தியரும் ஒரே கூரையின் கீழ் வாழும் நமது இல்லங்களிலே நோய் வெளியிலிருந்துதான் உள்ளே வருகின்றது. பெரும்பாலும் அதனை அறியாமற் கொண்டுவருவோர் வீட்டின் வலிய இளையோரே.

அடுத்த வாரம் அந்த மாணவனைக் கண்டு இவற்றையெல்லாம் சுருக்கிச் சொன்னோம். பொறுமையோடு கேட்டான். "அப்ப நான் போடுறது அம்மம்மாவுக்காகவோ ஐயா?" என்றான். ஆம் என்றோம். "அப்பிடியெண்டால் பள்ளிக்கூடத்திலையும் பஸ்ஸிலையும் போடவேணும், வீட்டுக்கு வந்தாப் பிறகு போட்டுப் பிரயோசனமில்லை" என்றான்.

அன்று இரு பக்கத்திலும் நின்று பேசிய எவரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.